வெயிலில் பார்த்த வெள்ளை

வெள்ளை என்பது ஒரே நிறம் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் பெயின்ட் கடைப் பக்கமே போகாதவர்கள். அந்தக் கடையின் ஷேடு கார்டில் வெள்ளைக்கு மட்டும் நாற்பத்திரண்டு கட்டங்கள் உண்டு. பால் வெள்ளை, முத்து வெள்ளை, மேக வெள்ளை, முட்டை ஓட்டு வெள்ளை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர். பெயர் வைத்தவனுக்கு வேறு வேலை இல்லை போலிருக்கிறது என்று நாம் சிரிக்கலாம். கடையின் பின்பக்க அறையில் பத்தொன்பது வருடமாக நிறம் கலக்கிறவன் சிரிக்கமாட்டான். நாற்பத்திரண்டையும் கண்ணாலேயே பிரித்துச் சொல்லுவான். நாற்பத்து மூன்றாவதாக ஒன்றைக் கேட்டால் கலந்தும் தருவான்.

கடையில் அவனுக்குக் கலர் என்று பெயர். அம்மா அப்பா ஆசையாக வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் மாதத்துக்கு ஒருமுறை தலைகாட்டும். ஜனங்கள் அவனிடம் எதையெல்லாமோ கொண்டுவருவார்கள். உதிர்ந்த காரைத் துண்டு, சட்டைப் பொத்தான், தலையணை உறையின் ஓரம், ஒரு தடவை ஒரு பெண்மணி காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்த வாடிப்போன பூவிதழ். "இதே கலர் வேணும்" என்பார்கள். அவன் ஒரு கண்ணைச் சுருக்கிப் பார்ப்பான். பிறகு வெள்ளையில் இத்தனை சொட்டு மஞ்சள், இத்தனை சொட்டு கறுப்பு என்று அவனுக்குள் ஏதோ ஓடும். டப்பாவை மூடுவதற்கு முன்னால் ஓர் அட்டைத் துண்டில் தடவிக் காயவைத்து, வாங்க வந்தவர் கையில் கொடுத்து வாசலுக்கு அனுப்புவான்.

"வெளிய கொண்டுபோய் வெயில்ல பாருங்க. உள்ளயே பாத்து எடுத்துட்டுப் போயிட்டு நாளைக்கு என்கிட்ட சண்டைக்கு வராதீங்க. டியூப்லைட் பொய் சொல்லும்."

உண்மைதான். டியூப்லைட் வெளிச்சத்தில் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி நிற்கும் இரண்டு நிறங்கள், வெயிலுக்கு வந்ததும் ஒன்றையொன்று தெரியாத மாதிரி முகத்தைத் திருப்பிக்கொள்ளும். இது அவன் தொழிலின் முதல் பாடம். இதை அவன் ஒரு நாளைக்கு முப்பது பேருக்காவது சொல்லியிருப்பான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அவனுக்கு ஓர் அக்கா. எட்டு வயது மூத்தவள். சட்டை தைக்கும் தொழிற்சாலையில் கடைசி மேஜை அவளுடையது. அவள் கையைத் தாண்டித்தான் எந்தச் சட்டையும் பெட்டிக்குள் போகவேண்டும். விட்டுப்போன தையல், கோணல் பொத்தான், எண்ணெய்க் கறை, எதுவும் தப்பாது. குறை இருக்கிற இடத்தில் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு சிவப்பு அம்புக்குறியை ஒட்டி, ஒரு வார்த்தை பேசாமல் சட்டையை ஓரமாகத் தள்ளிவிடுவாள். அம்பின் முனை குறையைத் தொட்டுக்கொண்டிருக்கும். அங்கே அவளுக்குப் பதினேழு என்று பெயர், அவள் மேஜையின் எண். "பதினேழு பாத்தாச்சா?" என்றுதான் மேனேஜரே கேட்பார். பார்த்தாச்சு என்றால் அதற்கு மேல் பேச்சில்லை.

அந்த அம்புக்குறித் தாள் அவள் கைப்பையிலேயே கிடக்கும். ஒரு நாள் காலையில் தம்பி அவசரமாக முகம் மழித்துக்கொண்டு கிளம்பியபோது, காதோரம் தப்பிப் பிழைத்த நாலு முடியைக் காட்டிக் கன்னத்தில் ஓர் அம்பை ஒட்டி அனுப்பிவிட்டாள். மத்தியானம்வரை அதோடு கடையில் உட்கார்ந்திருந்தான். முதலாளி உட்பட ஒருவரும் வாய் திறக்கவில்லை. அப்படிப்பட்ட நல்லவர்கள்.

இரண்டு பேரும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டவர்களுக்கு அக்கா, "நான் பாத்த எல்லாத்துலயும் ஒரு குறை இருந்துச்சு" என்பாள். தம்பி, "எனக்கு மேட்ச் ஆகல" என்பான். கேட்டவர்கள் தேநீரைக் குடித்துவிட்டுப் போய்விடுவார்கள். இரண்டாவது மாடியில் இரண்டு அறை, கிழக்கே பார்த்த ஒரு ஜன்னல், ஜன்னலோரம் அக்காவின் நாற்காலி. அவர்களுக்கு அது போதுமாக இருந்தது.

அந்தக் கட்டியையும் அவள் விரல்தான் கண்டுபிடித்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவன் துணி மடித்துக்கொண்டிருந்தான். குளித்துவிட்டு வந்தவள் எதிரில் நின்றாள்.

"தம்பி, மார்ல ஒண்ணு இருக்கு. போன மாசம் இல்ல. நகர மாட்டேங்குது."

மேனேஜரிடம் குறை சொல்வதுபோலத்தான் சொன்னாள். மடித்துக்கொண்டிருந்த சட்டையை அவன் கீழே வைத்தான். அதன் பிறகு வாரக்கணக்கில் யாரும் துணி மடித்ததாக அவனுக்கு நினைவில்லை.

டாக்டர் நல்ல மனிதர். படம் வரைந்து காட்டினார். மூன்று வாரத்துக்கு ஒருமுறை மருந்து ஏற்றவேண்டும், மொத்தம் ஆறு சுற்று, பிறகு ஆபரேஷன். "ஆறையும் முடிக்கணும். நடுவுல நிறுத்தினா செஞ்சதுக்கு அர்த்தமே இல்லாமப் போயிடும்" என்றார். முடித்தால் பிழைக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது என்றும் சொன்னார். தம்பி அதை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான்.

திரும்பும் வழியில் பஸ்ஸில் அக்கா வாய் திறந்தாள்.

"ரெண்டு லட்சம்."

"என்னது?"

"ரெண்டு லட்சம் வரைக்கும் பாப்போம். என் சேமிப்பு அவ்வளவுதான் இருக்கு. அதுக்கு மேல ஒரு காசு போனாலும் நான் நிறுத்திடுவேன்."

"இது என்னக்கா, ஏலமா?"

"உன் கடைக் காசுல நான் கை வைக்க மாட்டேன். நீயும் வைக்கக் கூடாது. சத்தியம் பண்ணு."

அந்தக் கடையைப் பற்றிச் சொல்லவேண்டும். இரண்டு தெரு தள்ளி, திருப்பத்தில், வடக்கே பார்த்த பெரிய கண்ணாடி ஜன்னல் வைத்த ஒரு வெற்றுக் கடை. மற்றவர்களுக்கு அது தூசி படிந்த ஒரு கூடம். நிறம் கலக்கிறவனுக்கு அது சொர்க்கம். வடக்கு வெளிச்சம் காலையிலிருந்து சாயங்காலம்வரை ஒரே சீராக இருக்கும், பொய் சொல்லாது, வாடிக்கையாளரை வாசலுக்குத் துரத்த வேண்டியதில்லை. அதற்கு முன்பணம் கொடுக்கப் பதினோரு வருடம் சேர்த்திருந்தான். எட்டு லட்சம். வருடக் கடைசிக்குள் கொடுப்பதாகப் பேச்சு. ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் அந்தக் கண்ணாடிக்கு வெளியே போய் நிற்பார்கள். மேஜை எங்கே, அலமாரி எங்கே என்று அக்கா விரலால் காற்றில் கோடு போடுவாள். கண்ணாடியில் அவர்கள் நிழல் விழும். அந்த நிழல்கள் உள்ளே நின்று வியாபாரம் செய்துகொண்டிருப்பது போலவே அவனுக்குத் தோன்றும்.

"சத்தியம்" என்றான் பஸ்ஸில். சொல்லும்போது ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டான். முகத்தைப் பார்த்துப் பொய் சொல்லும் பழக்கம் அவனுக்கு இல்லை. அக்கா சொன்னால் சொன்னதுதான் என்பது அவனுக்குத் தெரியும். அவள் எடுத்து ஓரமாக வைத்த சட்டையைத் திரும்பக் கையில் எடுத்ததே கிடையாது.

முதல் சுற்றுக்குப் பணம் கட்டிவிட்டு ஆஸ்பத்திரி நடைவழியில் ரசீதைப் பார்த்தான். 1,12,600. ஒரு சுற்றுக்கு. ரசீதில் ஏறாத ஊசியும் ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் தனி. ஆறால் பெருக்க அவனுக்குப் பேனா வேண்டியிருக்கவில்லை. தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன முழம் என்ன என்று நினைத்துக்கொண்டான். காசு போவது அவனுக்குப் பெரிதாகப் படவில்லை. அடுத்த ரசீதிலேயே இரண்டு லட்சம் தாண்டிவிடும், அக்கா எழுந்து வீட்டுக்கு நடந்துவிடுவாள். அதுதான் பெரிதாகப் பட்டது.

எந்த ரசீதானாலும் அவளிடம் போகவேண்டும். பத்து வருடத்துக் கரண்ட் பில்லைக்கூடத் தேதிவாரியாக வைத்திருப்பவள் அவள். அவன் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தான். வழவழப்பான தாள். ஒரே ஒரு தொகை. இடது கோடியில் அந்த ஒற்றை ஒன்று, பக்கத்தில் ஒரு காற்புள்ளி. அவை இரண்டும் இல்லாவிட்டால் லட்சம் ஆயிரமாகிவிடும். பன்னிரண்டாயிரத்து அறுநூறு.

மறுநாள் மத்தியானம் கடையின் பின்பக்க அறையில், டியூப்லைட்டுக்கு நேர் கீழே உட்கார்ந்து ஒரு வெள்ளையைக் கலந்தான். ஒரு தேக்கரண்டி பால் வெள்ளை. ஊசி முனையில் நீலம். அதில் பாதி கறுப்பு. தாளின் ஓரத்தில் வைத்துப் பார்த்தான், கொஞ்சம் கூட்டினான், கொஞ்சம் குறைத்தான். முக்கால் மணி நேரம் ஆனது. அவன் வாழ்நாளில் கலந்ததிலேயே சிறந்த வெள்ளை அதுதான். அதை விற்கவும் முடியாது, பெயர் வைக்கவும் முடியாது. மிக மெல்லிய தூரிகையால் அந்த ஒன்றின் மேல் ஓர் இழுப்பு, காற்புள்ளியின் மேல் ஒரு பொட்டு. காய்ந்த பிறகு எங்கே பூசினோம் என்று அவனுக்கே தெரியவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்ட நிம்மதியில் ஒரு பெருமூச்சு விட்டான்.

அடுத்த நாள் காலையில் வீட்டில் அக்கா ஜன்னலோர நாற்காலியில் சுருண்டிருந்தாள். ரசீதை வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"பன்னண்டாயிரத்து அறுநூறா?"

"ம்."

"பரவாயில்லையே."

"மருந்துக் கம்பெனிக்காரங்க தள்ளுபடி தர்றாங்களாம்."

"நல்ல கம்பெனி" என்றாள். மஞ்சள் ஃபைலைத் திறந்து உள்ளே வைத்து, ஃபைலைக் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள்.

அதற்கப்புறம் நாட்கள் தண்ணீருக்குள் நடப்பதுபோல நடந்தன. மருந்து ஏற்றும் கூடம் நாலாவது மாடியில் இருந்தது. சாய்வு நாற்காலிகள் ஒன்பது. ஒரு பக்கச் சுவர் முழுக்க ஜன்னல். பைகளிலிருந்து சொட்டுச் சொட்டாக மருந்து இறங்கும். அக்காவுக்கு இறங்கியது சிவப்பு. அந்த அறையில் யாரும் சத்தமாகப் பேசுவதில்லை, கடிகாரம்கூட மெத்தை மேல் நடப்பது மாதிரிதான் நடந்தது. ஒரு சொட்டுக்கும் அடுத்த சொட்டுக்கும் நடுவில் ஒரு சின்ன உறக்கம் போட்டு எழுந்துவிடலாம் போலிருந்தது. அவனும் பல தடவை அப்படி எழுந்திருக்கிறான்.

அக்கா கண்ணை மூடியபடியே விளையாட்டை ஆரம்பிப்பாள்.

"எதிர் மாடியில காயுதே, அந்தப் போர்வை. என்ன கலர்?"

"வெள்ளை ஒரு லிட்டர். மஞ்சள் ஆறு சொட்டு. பழுப்பு ரெண்டு."

"கண்ண மூடிக்கிட்டே எப்படிக் கேட்டேன்னு கேக்க மாட்டியா?"

"எப்படி?"

"போன தடவையும் அதேதான் காஞ்சுச்சு. அந்த வீட்ல அதை எடுக்கவே மாட்டாங்க போல."

அப்புறம் வானம். வானத்துக்கு அவன் ஒவ்வொரு தடவையும் வேறு கணக்குச் சொல்வான். மழைக்கு முன்னால் ஒன்று, மழைக்குப் பின்னால் ஒன்று. நர்ஸம்மாவின் செருப்பு, எதிர் நாற்காலித் தாத்தாவின் கம்பளித் தொப்பி, பழச்சாறு டம்ளரின் அடியில் நின்ற கடைசி மடக்கு. அவன் சொட்டுகளை எண்ணிச் சொல்லச் சொல்ல, அவள் முகத்தில் இறுக்கம் தளரும். இரண்டாவது சுற்றில் தலைமுடி போய்விட்டது. கண்ணாடியைப் பார்த்துவிட்டு, "தலை வழவழன்னு நல்லா ஃபினிஷ் ஆயிருக்கு, செக்கிங்ல பாஸ்" என்றாள். நகங்கள் கறுத்தன. ஒரு நாள், "என் மூஞ்சி இப்ப என்ன கலர்?" என்று கேட்டாள். அவனுக்குக் கணக்கு வந்தது. சொல்லவில்லை. "ஸ்டாக் இல்ல" என்றான். அவள் சிரித்த சிரிப்பில் நர்ஸம்மா வந்து எட்டிப்பார்த்தார்.

மூன்றாவது சுற்றில், உறக்கத்துக்கும் விழிப்புக்கும் நடுவில் எங்கோ நின்றுகொண்டு பேசினாள்.

"கண்ண மூடினா சட்டையா வருதுடா. யாரும் போட்டுக்கல. தானா நடந்து வருது. ஒண்ணு பின்னால ஒண்ணா. எதுலயும் ஒரு குறை இல்ல."

"நல்லதுதானே?"

"குறையே இல்லன்னா நான் எதுக்கு அங்க நிக்கறேன்?"

அவள் கையைத் தடவிக் கொடுத்துக்கொண்டே இருந்தான். ஜன்னலுக்கு வெளியே மேகம் ஒன்று நின்ற இடத்திலேயே கரைந்துகொண்டிருந்தது.

இரண்டாவது ரசீது, மூன்றாவது ரசீது, நாலாவது ரசீது. எல்லாம் ஒன்றில் தொடங்கும் லட்சங்கள். அந்த வெள்ளையை ஒரு சின்ன மருந்துப் பாட்டிலில் போட்டு மூடி வைத்திருந்தான். ஒவ்வொன்றுக்கும் ஓர் இழுப்பு, ஒரு பொட்டு. ஒவ்வொன்றையும் அக்கா ஜன்னலோரம் வாங்கி, பார்த்து, "ம்" என்று சொல்லி உள்ளே வைத்தாள். இதற்கு நடுவில் வருடம் முடிந்தது. வடக்கு ஜன்னல் கடையில் மூக்குக்கண்ணாடி விற்க ஆரம்பித்துவிட்டார்கள். அதன் புதுப் பெயர்ப்பலகையை அவள் பார்த்துவிடக்கூடாதே என்று அவன் ஆட்டோவை வேறு தெரு வழியாக விடச் சொல்வான்.

"அந்தத் திருப்பம் வழியாப் போலாமே" என்றாள் ஒரு நாள்.

"ரோடு தோண்டிக் கிடக்கு."

"ஒரு மாசமாவா?"

"நம்ம ஆளுங்க தோண்டினா சும்மாவா?"

"அதுவும் சரிதான்" என்று அவள் வெளியே பார்த்துக்கொண்டாள். "அட்வான்ஸ் குடுத்துட்டல்ல?"

"குடுத்தாச்சு."

ஐந்தாவது சுற்றோடு எட்டு லட்சமும் அவளுடைய இரண்டும் காலி. முதலாளி இரண்டு மாதச் சம்பளத்தை முன்னதாகக் கொடுத்தார். கொடுக்கும்போது, "இது ஒண்ணும் தர்மம் இல்ல, பிடிப்பேன்" என்று முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டார், பிறகு பிடிக்கவே இல்லை. அதுவும் ஊசிகளுக்குப் போயிற்று. ஆறாவதுக்கு ஒன்றும் இல்லை. ஐந்தாவது சுற்றன்று காலையில் பணத்தைக் கட்டிவிட்டு, ரசீதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, படிக்கட்டில் உட்கார்ந்திருந்தான். நர்ஸம்மா பார்த்துவிட்டு, "கீழ உதவி நிதி மேஜை இருக்கே, கேட்டீங்களா?" என்றார். இத்தனை மாதம் அதைத் தாண்டித்தான் போய்வந்துகொண்டிருந்தான். அதை விசாரணை மேஜை என்று நினைத்திருந்தான்.

மேஜைக்காரர் பேனாவைக் கடித்துக்கொண்டே அவன் சொன்னதைக் கேட்டார். "கண்டிப்பா கிடைக்கும். கடைசிச் சுற்று முழுசா அவங்களே கட்டிடுவாங்க. இதுவரைக்கும் கட்டின அஞ்சு ஒரிஜினல் ரசீதும் வேணும். நகல் எடுத்துக்க மாட்டாங்க. இன்னிக்கு மூணு மணிக்குள்ள குடுத்துடுங்க, அடுத்த கூட்டம் ரெண்டு மாசம் கழிச்சுதான்."

இரண்டு மாதம் காத்திருக்க ஆறாவது சுற்றுக்கு நேரமில்லை. ஐந்தாவது ரசீது பையில் சுத்தமாக இருந்தது. அதற்கு இன்னும் வெள்ளை அடிக்கவில்லை. மற்ற நாலும் அக்காவின் ஃபைலில் இருந்தன, நாலும் அவன் கைவேலை. அவளுக்குத் தெரியாமல் எடுக்கவேண்டும், சுரண்டவேண்டும், கொடுக்கவேண்டும். தெரிந்தால் எழுந்துவிடுவாள். ஐந்து முடித்து ஆறாவதில் விட்டதாகிவிடும்.

கூடத்துக்கு வந்தபோது அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். சிவப்பு பாதி இறங்கியிருந்தது. காலடியில் கைப்பை. குனிந்து ஜிப்பை ஒவ்வொரு பல்லாக நகர்த்தினான். மஞ்சள் ஃபைலை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் போய்த் திறந்தான்.

முதல் ரசீதில் ஒரு சிவப்பு அம்புக்குறி ஒட்டியிருந்தது.

சுண்டுவிரல் நகம் அளவு. முனை இடது பக்கம் திரும்பி, பன்னிரண்டுக்கு முன்னால் இருந்த வெற்றிடத்தை மிகச் சரியாகத் தொட்டுக்கொண்டிருந்தது. இரண்டாவதைப் புரட்டினான். அதிலும் ஒன்று. மூன்றாவது, நாலாவது. ஒரு நூல்கூடப் பிசகாமல்.

அப்போதுதான் வெயிலில் அந்தத் தாளைப் பார்த்தான். ஆமாம், மூன்று மாதத்தில் முதல் தடவையாக. தாள் வெயிலில் நீலம் பூத்துப் பளிச்சென்று இருந்தது. அவன் வாழ்நாளின் சிறந்த வெள்ளை, துவைத்த சட்டையில் போகாமல் நின்ற தேநீர்க் கறைபோல மஞ்சளாகத் தெரிந்தது. ஒன்றின் வடிவம்கூட அப்படியே தெரிந்தது. கண் மங்கிய எதிர் நாற்காலித் தாத்தாகூடக் கண்டுபிடித்திருப்பார். பத்தொன்பது வருடம், ஒரு நாளைக்கு முப்பது பேர், எல்லாரையும் வெயிலுக்கு விரட்டியவன் தன் ரசீதை டியூப்லைட்டில் பார்த்து மடித்துக் கொடுத்திருக்கிறான். ஊருக்குத்தான் உபதேசம். அதுவும் யாரிடம், பதினேழிடம், கிழக்கு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவளிடம்.

"முதல் தடவை பாத்தப்பவே தெரிஞ்சுடுச்சுடா."

திரும்பினான். அவள் கண் திறந்திருந்தது. குழாய் மாட்டிய கை அசையவில்லை. இதோ எழுந்துவிடப் போகிறாள், ஊசியைப் பிடுங்கிவிட்டு வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லப் போகிறாள் என்று காத்திருந்தான்.

"இப்ப எதுக்கு எடுத்த?" என்றாள்.

சொன்னான். மேஜை, நிதி, ஒரிஜினல், மூணு மணி. ஒன்றையும் மறைக்கவில்லை. கடை போனதையும் சொன்னான். அதற்கு அவள், "மூக்குக்கண்ணாடி கடை. பாத்தேன். போன மாசம் பக்கத்து வீட்டம்மாகூட மெதுவா நடந்து போய்ப் பாத்துட்டு வந்தேன். ரோடு நல்லாத்தான் இருக்கு" என்றாள்.

"அக்கா..."

"மணி என்ன?"

"ஒண்ணே முக்கால்."

"அப்ப உக்காந்து சுரண்டு. என் நகம் பிடிக்காது, உதிருது. ஈரத் துணியால முதல்ல ஒத்தி எடு. தேய்க்காத, ஒத்து. ஓரத்துல இருந்து தூக்கு."

நாற்காலிக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தான். அவள் மடியில் ஃபைல், ஃபைல் மேல் ரசீது. வழவழப்பான தாள் என்பதால் வெள்ளை மெல்லிய தோலாக உரிந்து வந்தது. அவள் சொல்லச் சொல்ல அவன் செய்தான். சிவப்பு தன் பாட்டுக்குச் சொட்டிக்கொண்டிருந்தது. வெளியே எதிர் மாடியில் அதே போர்வை. ஒரு ஒன்று எழுந்து வந்தது. பிறகு இன்னொன்று. நாலாவது ஒன்றும் வெளியே வந்தபோது, சட்டைப் பையிலிருந்து ஐந்தாவதை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தான். ஐந்து ஒன்றுகள் வரிசையாக நின்றன. அவள் அவற்றின் மேல் விரலை ஓட்டினாள், சட்டையின் தையலில் ஓட்டுவதுபோல.

"தெரிஞ்சும் ஏன்க்கா கேக்கல?"

"வானம் என்ன கலர்?" என்றாள்.

அவன் பார்த்தான். கண்ணில் தண்ணீர் நின்றதால் கணக்கு வரவில்லை. "தெரியல" என்றான். அவன் அப்படிச் சொல்லி அவள் கேட்டதில்லை.

"பஸ்ல சொன்னப்ப நிஜமாத்தான் சொன்னேன்" என்றாள். "ரெண்டு லட்சத்துல நிறுத்திடணும்னுதான் இருந்தேன். அப்புறம் நீ அந்த ரசீதைக் கொண்டு வந்து குடுத்த. வெயில்ல பாத்ததுமே உன் திருட்டு தெரிஞ்சுது. கேட்டா நீ ஒத்துக்கணும். ஒத்துக்கிட்டா நான் நிறுத்தணும். சொன்ன வார்த்தைன்னு ஒண்ணு இருக்குல்ல. அதனால கேக்கல."

"அப்ப அம்புக்குறி?"

"குறையைப் பாத்துட்டு ஒட்டாம விட்டா அது என் குறையாயிடும். முப்பது வருஷப் பழக்கம். வாயைத்தான் மூடிக்க முடிஞ்சுது, கையை முடியல."

அவள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பஸ்ஸில் அவன் திருப்பிக்கொண்ட மாதிரியே.

"எனக்குச் சாகப் பிடிக்கல தம்பி. வாழணும்னு ஆசையா இருந்துச்சு. இந்த வயசுல, இவ்வளவு காசுக்கு, அதை வாய்விட்டு உன்கிட்ட கேக்க வெக்கமா இருந்துச்சு. உன் கடை போகுதுன்னு தெரிஞ்சேதான் ஒவ்வொரு தடவையும் வந்து இந்தச் சேர்ல உக்காந்தேன்."

அவனுக்குக் கோபம் வரவில்லை. தான் ஏமாற்றியதாக நினைத்தது, ஏமாந்தது எதுவும் அப்போது முக்கியமாகப் படவில்லை. இத்தனை மாதமாகத் தனியாகத் தூக்கிக்கொண்டு நடந்ததாக நினைத்த மூட்டையின் மறுமுனையை அவள் பிடித்துக்கொண்டே வந்திருக்கிறாள். அது அவனுக்குச் சந்தோஷமாக இருந்தது. வெட்கமில்லாமல் அழுதான். கம்பளித் தொப்பித் தாத்தா மரியாதையாக வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

"கேட்டிருந்தா சந்தோஷமா குடுத்திருப்பேனே."

"தெரியும். அதான் கேக்கல" என்றாள். "போ, மூணு மணி ஆயிடப் போகுது."

மேஜைக்காரர் ரசீதுகளைப் புரட்டிவிட்டு, ஒன்றின் ஓரத்தில் தங்கிவிட்ட வெள்ளைத் துணுக்கை நகத்தால் தட்டினார். "இது என்ன?"

"பெயின்ட் கடையில வேலை. கை பட்டுடுச்சு" என்றான். இந்தத் தடவை முகத்தைப் பார்த்தே சொன்னான். பொய் இல்லையே.

மூன்று வாரம் கழித்து ஆறாவது சுற்று. நிதிக்காரர்கள் கட்டிவிட்டார்கள். ரசீதை வாங்கியவன் கடைப் பக்கம் போகாமல் நேராக நாலாவது மாடிக்கு ஏறி, அக்காவின் கையில் கொடுத்தான். 1,14,200. அவள் அதைப் பழக்கதோஷத்தில் ஜன்னல் பக்கம் திருப்பிப் பிடித்தாள். இடது ஓரத்தில் விரலை ஓட்டினாள். இன்னொரு கை பைக்குள் அம்புக்குறித் தாளைத் தேடிப்போய், பாதியில் நின்று, வெறுமனே திரும்பி வந்தது.

"சரியா இருக்கு" என்றாள்.

ரசீதை ஃபைலில் வைத்து மூடினாள். சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். சிவப்பு இறங்க ஆரம்பித்தது. அவள் தூங்கிவிட்டாள் என்று அவன் நினைத்தபோது குரல் வந்தது.

"அடுத்தது ஆபரேஷன். அது இதைவிட ஜாஸ்தியா வரும். எங்கயாவது கடன் வாங்கு. நான் மேஜைக்குத் திரும்பிப் போனதும் ரெண்டு பேருமா அடைச்சுடலாம்."

"சரிக்கா."

"ரசீதை இப்படியே கொண்டாந்து குடு."

வாய்விட்டுத்தான் கேட்டாள். அவன் ஸ்டூலை இன்னும் கொஞ்சம் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு, எதிர் மாடிப் போர்வையின் கணக்கை முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தான்.